விலாசம் சொல்வதில்லை

ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்த அந்த ஆள், முகக் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டு, கவுண்டரில் ஒரு துண்டுச் சீட்டை வைத்தான். அதில் ஒரு வெப்சைட்டின் பெயர் எழுதியிருந்தது.

“இது யார் பேர்ல பதிவாகியிருக்கு? வீட்டு விலாசம் வேணும்.”

கவுண்டரில் இருந்தவளுக்குச் சுருக்கென்றது. வெப்சைட்டுகளுக்குப் பெயர் பதிந்து கொடுக்கும் அந்த அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக இருக்கிறாள். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். முன்பெல்லாம் பதிவு செய்தவரின் பெயர், விலாசம், ஃபோன் நம்பர் எல்லாம் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கும்படி திறந்தே கிடந்தது. பாட்டு டீச்சர் ஒருத்தியின் விலாசத்தை அப்படிப் பார்த்து, அவள் வீட்டு வாசலில் எவனோ தினமும் வந்து நிற்க ஆரம்பித்த பிறகுதான் அதை மூடினார்கள்.

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தட்டிப் பார்த்தாள். குழந்தைகளுக்குத் துணி தைத்து விற்கும் வெப்சைட். ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது.

“எதுக்கு வேணும்?”

“சும்மாதான்.”

“சும்மா கேட்டா குடுக்க இது என்ன கடலை மிட்டாயா? உங்களை ஏமாத்திட்டாங்கன்னா போலீசுக்குப் போங்க. கோர்ட் உத்தரவோட வாங்க. இல்லேன்னா விலாசம் சொல்றதில்லை.”

“நான் சொந்தக்காரன்னு சொன்னா?”

“பெத்த அப்பாவே வந்து நின்னாலும் கிடையாது. கிளம்புங்க.”

எகிறுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ நீளமாக ஒரு மூச்சு விட்டு, “ரொம்ப நல்லது மேடம்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

நல்லதாமே! அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவன் போகவில்லை. எதிரே மருந்துக் கடை ஓரத்தில் பைக்கைச் சாய்த்து வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, இவர்கள் வாசலையே வெறித்துக்கொண்டிருந்தான்.

கால் மணி நேரம் இருக்கும். ஒரு பெண் தடதடவென்று படியேறி வந்தாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் தண்ணீர்.

“அக்கா, கீழ ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவன் இங்க வந்தானா? என்னைப் பத்திக் கேட்டானா?”

“நீங்க யாரும்மா?”

வெப்சைட்டின் பெயரைச் சொன்னாள். பதிவில் இருந்த பெண்ணின் பெயரையும் தன் பெயராகச் சொன்னாள். இரண்டும் சரியாக இருந்தன.

அக்கா எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தாள். “வந்தான்மா. ஒரு வார்த்தை சொல்லலை நான். உக்காருங்க, தண்ணி குடிங்க. அடையாள அட்டை ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

“கைப்பையைக்கூட எடுக்காம ஓடி வந்தேன் அக்கா.” தண்ணீரைக் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தாள். “அதுல எந்த விலாசம் இருக்கு? ஒரே வருஷத்துல மூணு வீடு மாறிட்டேன். பழைய வீடுன்னா தப்பிச்சேன். இப்ப இருக்கிற வீடுன்னா அவன் என்னைக்காவது நேரா வாசல்ல வந்து நிப்பான்.”

பதிவு செய்தவர்தான் விலாசத்தைச் சொல்ல வேண்டும். அலுவலகம் சரிபார்க்க மட்டுமே செய்யும். விதி அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் எதிரே தேம்பிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் விதியைப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. கதவு எண், தெரு, மாடி எல்லாவற்றையும் மெல்லிய குரலில் படித்தாள்.

அந்தப் பெண்ணின் உதடுகள் ஓசையில்லாமல் கூடவே அசைந்தன.

“இப்ப இருக்கிற வீடுதான்” என்றாள். அழுகை நின்றிருந்தது.

“வேற விலாசம் குடுங்க, இப்பவே மாத்திடறேன்.”

“இருக்கட்டும் அக்கா. அதுக்கு அப்புறமா வர்றேன்.”

“அந்த ஆள் கண்ணுல பட்டுடாதீங்க. பின்பக்கப் படி சந்துல இறங்கும். வாங்க.” அக்காவே அவளை அழைத்துக்கொண்டு போய் வழிகாட்டிவிட்டு, ஒரு பெண்ணைக் காப்பாற்றிய நிறைவோடு திரும்பி வந்து முன்கதவைத் திறந்தாள்.

வாசலில் ஹெல்மெட்காரன் நின்றிருந்தான். இப்போது ஹெல்மெட் கையில் இருந்தது. தலையில் பாதி நரை.

“மறுபடியும் எதுக்கு வந்தீங்க? வாட்ச்மேனைக் கூப்பிடவா?”

“கோவிச்சுக்காதீங்க மேடம். அந்த வெப்சைட் என் தங்கச்சியோடது. புருஷன் அடிச்சுக் கையை ஒடிச்சதுலேர்ந்து, அவ எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியாம வெச்சிருக்கோம். அவன் வீட்டு ஆளுங்க இங்க வரப்போறதா காதுல விழுந்துச்சு. கேட்டா நீங்க குடுத்துடுவீங்களோன்னு பயம். அதான் நானே முந்திக்கிட்டு வந்து கேட்டுப் பார்த்தேன்.”

அக்கா பின்பக்கப் படியைத் திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப அழுதுகிட்டே மேல வந்தாளே, அவ என் தங்கச்சியோட நாத்தனார். உள்ள போறதைப் பார்த்தேன். அப்பாவுக்கே சொல்லாதவங்க இவளுக்கா சொல்லப் போறீங்கன்னு தைரியமா கீழயே இருந்துட்டேன்.” உள்ளே எட்டிப் பார்த்தான். “எங்க மேடம், இன்னும் அவ இறங்கலையே?”

அக்காவின் கை கவுண்டரில் இருந்த ஃபோனை அவன் பக்கம் தள்ளியது.

“அண்ணே, உங்க தங்கச்சியை உடனே அந்த வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லுங்க.”