தானாகக் கழலாத கேபிள்

செருப்பைக் கழற்றும்போதே அவன் கவனித்துவிட்டான். மனைவி நீலப் புடவை கட்டியிருந்தாள். வீட்டிலிருந்தே பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவள், மற்ற நாளில் சாயம் போன நைட்டியைத் தாண்ட மாட்டாள்.

"மறுபடியும் ஹார்ட் டிஸ்க் தெரியலையா?" என்றான். குரலில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை என்று அவனுக்கு நினைப்பு.

"ஆமாங்க. மத்தியானமே போன்ல சொன்னேனே. அவர் அஞ்சு மணிக்கு வந்துடுவார்."

நேற்று முளைத்த பயலுக்கு ஒரு 'அவர்' என்று உள்ளுக்குள் பொருமினான். கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு அவன் மனசுக்குள் வைத்திருந்த பெயர் ஸ்க்ரூடிரைவர். மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் இடத்தில் அந்த ஆள் அதைத்தான் குத்தியிருப்பான்.

பார்சல் லாரி ஆபீஸில் பாதிச் சரக்கு ஏறாமல் கிடந்தது. சூப்பர்வைசரான இவனே கிளம்பியதைப் பார்த்துக் குமாஸ்தா வாயைப் பிளந்தான். கிடக்கட்டும் என்று ஓடி வந்துவிட்டான். இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும். அவள் மனசு தன்னிடம் இல்லை என்றால் அதையும் தெரிந்துகொண்டுவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஸ்க்ரூடிரைவர் சொன்ன நேரத்துக்கு வந்தான். வாசலிலேயே, "மத்தியானம் பக்கத்துத் தெருவுலதான் சார் இருந்தேன். உடனே வர்றேன்னேன். அக்காதான் அஞ்சு மணிக்கு வாங்கன்னுட்டாங்க" என்றான்.

அக்காவாம். புடவை மாற்ற நேரம் வேண்டாமா என்று இவன் பல்லைக் கடித்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துவந்து, இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தான்.

ஸ்க்ரூடிரைவர் தரையில் சம்மணம் போட்டு, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "அதிருது. நல்லாச் சுத்துது. டிஸ்க்குல கோளாறு இல்லக்கா."

"அப்புறம் ஏன் தெரியலை?" என்று கேட்டது இவன்.

"கரண்ட் போற ஒயர் வேற, தகவல் போற கேபிள் வேற சார். தகவல் கேபிள் கழண்டா டிஸ்க் பாட்டுக்கு ஓடிட்டேதான் இருக்கும். ஆனா கம்ப்யூட்டருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது."

கம்ப்யூட்டரை நிறுத்தி, கேபிளைச் செருகி மறுபடி போட்டான். திரையில் அவளுடைய டிஸ்க் வந்து நின்றது. "வந்துடுச்சு" என்று அவள் சிரித்தாள். தன் பக்கம் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தபடியே, அவள் இருவருக்கும் கொண்டுவந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்து வைத்தான்.

வழியனுப்புகிற சாக்கில் தெரு வரைக்கும் கூடவே போனான். ஸ்க்ரூடிரைவர் வண்டியில் ஏறாமல் தலையைச் சொறிந்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவையே க்ளிப் வச்ச கேபிள் மாத்திட்டேன். க்ளிப்பை அமுக்கிப் பிடிச்சு இழுத்தாத்தான் அது கையோட வரும். தானாக் கழலாது."

"எலி ஏதாவது..."

"எலிக்கு அமுக்கத் தெரியாது சார். அக்காகிட்டக் கேக்க எனக்குச் சங்கடமா இருக்கு. நீங்களே கேட்டுக்குங்க. இனிமே இதுக்காக என்னைக் கூப்பிடாதீங்க. மத்த கஸ்டமருங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

விட்டால் போதும் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். இவன் தெருவிலேயே நின்றான். இத்தனை நாள் சந்தேகப்பட்ட ஆள் ஒரு பாவமும் அறியாதவன் என்பது தெளிவாகிவிட்டது. அதில் நிம்மதி வரவேண்டியதுதான். ஆனால், அவன் அறியாமலே அவனுக்காக ஒருத்தி ஏங்குகிறாள் என்றால் அது இன்னும் கேவலம் இல்லையா?

உள்ளே வந்தான். அவள் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கேபிளைக் கழட்டினது யாரு?"

குழாயை மூடினாள். பொய் சொல்வாள், எலி கதை சொல்வாள் என்று எதிர்பார்த்து அவன் தயாராக நின்றான்.

"நான்தான்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா."

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. "அவனைப் பார்க்காம உன்னால இருக்க முடியலை. அதானே?"

அவள் கோபப்படவில்லை. ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன மாசம் காய்ச்சல்னு உங்களுக்குப் போன் பண்ணேன். லாரி நிக்குது, மாத்திரை போட்டுட்டுப் படுன்னீங்க. என் பிறந்தநாளைக்குப் பண்ணேன். தூங்கினப்புறம்தான் வந்தீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவர் வர்றார்னு சொன்னாத்தானே நீங்க வர்றீங்க."