இந்த வளைவைப் போட்டவர்

பழைய கார்களின் கண்காட்சியில், பந்தயக் கார் சாயலில் சாலையில் ஓட்டுவதற்கென்று செய்த ஒரு சிவப்புக் கார் நிற்கிறது. அதன் முன்சக்கரத்துக்கு மேலே எழும் வளைவில் கிழவர் உள்ளங்கையை வைத்திருக்கிறார். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் தகட்டில் வழுக்கி அவர் விரல்களில் வந்து நிற்கிறது. மறதி நோயில் அவருக்குப் பழைய ஞாபகமெல்லாம் போய்விட்டது. கை மட்டும் வளைவின் போக்கிலேயே கதவுவரை போய்த் திரும்புகிறது. “இந்த உருவத்த யாருங்க வரைஞ்சது?” என்று பக்கத்தில் நிற்கும் மனைவியைக் கேட்கிறார். “நீங்கதான்.” “கேலி பண்ணாதீங்கம்மா,” என்று கூச்சத்தோடு சிரிக்கிறார். “உங்களுக்கு அவரத் தெரியுமா?” அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடிக்கிறாள். “தெரியும். என் வீட்டுக்காரர்.” “கொடுத்து வச்சவங்க நீங்க. அவரு கூட வரலியா?” அவர் சட்டையில் மாறிக் கிடக்கும் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டபடியே, “வரலைங்க,” என்கிறாள்.