விடாமல் ஒலித்த விசில்

அருவிக்குக் குறுக்கு வழி என்று போன் மேப்பைக் காட்டி என்னைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனவன் என் மச்சான். சிக்னல் போனது. அவனும் பள்ளத்தில் உருண்டு காலை உடைத்துக்கொண்டான்.

"வாயை மூடிட்டு இந்த விசிலை ஊதிட்டே இரு. சத்தத்தை வச்சுத்தான் நான் திரும்பி வரணும். வண்டியில கயிறு இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"கோவத்துல விட்டுட்டுப் போயிடாதீங்க மாமா."

"பேசாதடா. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு..."

முள் கிழிக்கக் கிழிக்க, என் மனைவி நீங்கலாக அவன் வம்சத்தையே திட்டிக்கொண்டு மேட்டில் ஏறினேன். ஜீப்பில் காத்திருந்த மனைவிக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். ஷூவில் ஒரு பொட்டு சேறில்லை.

"தம்பி அப்பவே வந்துட்டான். நீங்க எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று எரிந்து விழுந்தாள் அவள்.

கீழே, காட்டுக்குள், விசில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கயிற்றை எடுக்கக் கை நீட்டினேன். அவன் அதைக் காலால் மிதித்துக்கொண்டான்.

"வண்டியை எடுங்க மாமா. உங்களுக்குத்தான் அவன் மேல அவ்வளவு ஆத்திரமாச்சே" என்றான். "ஊதி ஊதித் தானா ஓஞ்சிடுவான்."