வலது பக்கத்துக் குரல்

ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறேன் என்று தெரியாமலேயே பாட்டைப் போட்டுவிட்டேன்.

ஒரு பெண் பாடினாள்.

இந்த ஆல்பத்தில் பெண் குரலே கிடையாது. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். இருபது வருடங்களுக்கு முன்னால் இது கேசட்டாக வந்தபோது, பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குக் கிழித்துத் தொங்கவிட்டவன் நான்தான். 'ஒருவன் கிடாரை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்கிறான், பதில் சொல்லத்தான் ஆளில்லை' என்று எழுதினேன். அந்த ராக் குழு அதோடு கலைந்துபோனது.

போன வாரம் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "சின்னப் பசங்கல்லாம் இப்ப அந்த ஆல்பத்தைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுறாங்க சார். அன்னைக்குத் திட்டுன நீங்களே திரும்பக் கேட்டு எழுதுனா நல்லா இருக்கும்."

இன்னொரு தடவை திட்டலாமே என்ற ஆசையில்தான் சரி என்றேன். இதற்கென்று புது ஹெட்போன் வேறு.

அவள் இரண்டாவது வரிக்கு வந்தாள். ஒலியைக் கூட்டினேன்.

அது என் மனைவி. மனைவியாக இருந்தவள். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் கேட்ட குரல், எப்படி மறக்கும்?

ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டவள். கேட்டவர்களிடமெல்லாம் நான் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசவில்லை, கல்நெஞ்சக்காரி.

அந்தக் குழுவில் அவளும் பாடினாள் என்பது உண்மைதான். மூன்று மாதம் ஓடி ஓடிப் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தாள். கேசட் அட்டையில் அவள் பெயர்கூட இருந்தது. அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக் கேட்டால், ஒன்பது பாட்டிலும் அவள் இல்லை.

கடைசி நேரத்தில் வெட்டி எறிந்துவிட்டார்கள், பாவிகள் என்று நினைத்தேன். நான் அவ்வளவு காட்டமாக எழுதியதற்குப் பாதிக் காரணமே அந்த ஆத்திரம்தான். அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். இல்லாத குரலைப் பற்றி எழுதி அவளை எதற்கு நோகடிப்பது? என்ன பெருந்தன்மை பாருங்கள்.

விமர்சனத்தைப் படித்துவிட்டு, "என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லையா?" என்றாள்.

"விடு, அதைப் பத்திப் பேச வேண்டாம்" என்றேன். ஆறுதலாகச் சொல்வதாக எனக்கு நினைப்பு.

அதற்குப் பிறகு அவள் குளியலறையில்கூடப் பாடவில்லை. அந்தக் கேசட்டை வீட்டில் யாரும் தொடவில்லை.

ஹெட்போனைக் கழற்றி, அதில் இருந்த L, R எழுத்தைப் பார்த்து, சரியாக மாட்டினேன். அவள் காணாமல் போனாள். அவன் மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான், நான் எழுதிய மாதிரியே, பதில் சொல்ல ஆளில்லாமல்.

மாற்றி மாட்டினேன். அவன் போனான். அவள் வந்தாள்.

கடைக்காரன் பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று வாய்விட்டே திட்டினேன். பிறகு ஏதோ தோன்றி, ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டு, வலது காதுக்குப் பக்கத்தில் இரண்டு விரல்களை உரசிப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை.

இடது காதுக்குப் பக்கத்தில் உரசினேன். சரசரவென்று கேட்டது.

ஐந்து வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து வலது கன்னம் பன்னாகக் கிடந்தது என்று அம்மா சொல்வாள். அந்தக் காதும் அப்போதே போயிருக்க வேண்டும். போனை நான் எப்போதும் இடது காதில்தான் வைப்பேன். பழக்கம் என்று நினைத்திருந்தேன். மற்ற ஆல்பங்களில் எல்லாக் குரலும் இரண்டு பக்கமும் கலந்து வரும், குறை தெரியாது. இவர்கள் அவனை முழுக்க இடப்பக்கமும் அவளை முழுக்க வலப்பக்கமும் வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஊரில் உள்ள பாட்டுக்கெல்லாம் மார்க் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் போட்டேன். இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவன் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். சில இடத்தில் அவனைக் கிண்டல்கூடச் செய்கிறாள். நல்ல ஆல்பம். ரொம்ப ரொம்ப நல்ல ஆல்பம். சாயங்காலத்துக்குள் கட்டுரை அனுப்ப வேண்டும். அழுகைதான் வந்தது.

"உங்ககிட்ட பேசுறதுக்குச் செவுத்துகிட்ட பேசலாம்" என்பாள். எல்லா வீட்டிலும் சொல்வதுதானே என்று இருந்துவிட்டேன்.

கடைசிப் பாட்டு முடிந்தது. வீட்டில் சத்தமே இல்லை. அந்தக் காலை ஞாபகம் வந்தது.

இதே மேசையில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பையோடு வந்து பக்கத்தில் நின்றது கடைக்கண்ணில் தெரிந்தது. முந்தின நாள் சண்டை. அவளே முதலில் பேசட்டும் என்று நான் திரும்பவில்லை. அவள் பையைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மேசையை நான் இன்றுவரை நகர்த்தவில்லை. இடப்பக்கம் சுவர். ஆள் வந்து நிற்க வலப்பக்கம் மட்டும்தான் இடம்.