தாடிப் பாறு வந்த நேரம்

விலாவில் முழங்கை இடித்ததும் பல்திரி கண்ணைத் திறந்தான்.

"பாத்தியா! அம்மாடி, என்னா ரெக்கை! கதவு மாதிரில்ல விரிச்சுது!" என்று மனைவி ரெமெய் காதருகே கிசுகிசுத்தாள்.

குடிலின் பார்வைத் துளைக்கு வெளியே பாறை இருந்தது, எலும்புக் குவியல் இருந்தது, வெயில் இருந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"பாத்தேன், பாத்தேன்." வாயோரம் வழிந்திருந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

தாடிப் பாறு. எலும்பை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும் ராட்சசப் பறவை. அவன் சேர்ந்திருந்த பறவை பார்ப்போர் மன்றத்தில் அதைப் பார்க்காதவன் பல்திரி ஒருவன்தான். அதற்காகவே வருஷா வருஷம் விடுமுறைக்கு இதே மலை, இதே ஒளிவுக் குடில். அந்தப் பறவையைப் பார்த்துவிட்டால் மறுநாளே கடற்கரை என்று ரெமெய்க்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவளுடைய நீச்சலுடை நனையாமலேயே மலையேறி மலையிறங்கிக்கொண்டிருந்தது.

ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். முகம் மலர்ந்து கிடந்தது. இடக் கன்னத்தில் கம்பளிச் சால்வையின் பின்னல் சிவப்பாகப் பதிந்திருந்தது. துளை விளிம்பில் சால்வையை வைத்து, கன்னத்தை அழுத்திக்கொண்டே பார்த்திருக்கிறாள், பாவம். பறவை என்றாலே கொட்டாவி விடுகிறவளுக்கு இருந்த அக்கறைகூடத் தனக்கு இல்லையே என்று கூசிப்போனான்.

மாலையில் குடில்காரர் இசித்ரே வந்து கதவைத் திறந்தார். விடியும் முன் அவர்களோடு உள்ளே நுழைந்து, தான் மட்டும் வெளியே வந்து, மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். பாறுகளுக்கு எண்ணத் தெரியாது. ஆள் போய்விட்டான், குடில் காலி என்று நம்பிவிடும். அவர் திரும்பி வரும்வரை உள்ளே இருப்பவர்கள் இருமக்கூடக் கூடாது.

"என்ன, வந்தாரா மகராசன்?"

"வந்தாரே!" என்றாள் ரெமெய், முந்திக்கொண்டு.

"தாடி தெரிஞ்சுதா?"

பல்திரி தொண்டையைச் செருமினான். "தெரியாமலா? என் மாமனாருக்குக்கூட அப்படியொரு தாடி கிடையாது."

"நடுவுல எங்கப்பாவ ஏன் இழுக்கற?"

இசித்ரே அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "குடுத்துவெச்ச ஆளுய்யா நீங்க! போன வாரம் ஒரு ஜெர்மன்காரர் நாள் கணக்கா உக்காந்து, ஒரு காக்காயப் பாத்துட்டுப் போனார்."

மறுநாள் பேச்சுப்படி மலையிறங்கினார்கள். எப்ரோ ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நெல்வயல்களுக்கு நடுவே வண்டி போனது. ரெமெய் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாடிக்கொண்டே வந்தாள். அறையில் பெட்டியை வைத்த கையோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்கு ஓடிவிட்டாள்.

பல்திரி உப்பங்கழிக் கரையில் தொலைநோக்கியை நிறுத்தினான். கண்ணுக்கெட்டிய தூரம் பூநாரைகள். ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. கைப்பேசி அடித்தது. மன்றத் தலைவர் காசிமிர்.

"அடப் பாவி! சொல்லவே இல்ல! இசித்ரேதான் போன் பண்ணினார். ஞாயித்துக்கிழமை உனக்கு விருந்து வெச்சிருக்கோம்."

மன்றத்தில் சாட்சிக்குப் புகைப்படம் கேட்க மாட்டார்கள். பார்த்தேன் என்று சொன்னால் பார்த்ததுதான். ஆந்தையைப் பார்த்ததாகப் புளுகி மாட்டிக்கொண்ட பல் டாக்டர் ஒருவர் இருந்தார். இன்றுவரை அவரை யாரும் காரில் ஏற்றிக்கொள்வதில்லை; பல் வலித்தாலும் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள்.

பல்திரி கண்ணை இறுக மூடிக்கொண்டான். "காசிமிர், நான் பாக்கல. தூங்கிட்டேன்."

"அப்ப யாருதான் பாத்தா?"

"ரெமெய். அவதான் பாத்தா. அவ பேர்ல போட்டுக்கங்க."

"யாரு, கொக்கையும் வாத்தையும் ஒண்ணாத் திட்டற நம்ம ரெமெயா?" காசிமிர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இத ஒத்துக்கறதுக்கு ஒரு நெஞ்சு வேணும்டா. என் கார்ல உனக்கு எப்பவும் எடம் உண்டு."

பல்திரிக்கு உடம்பே லேசாகிவிட்டது. கடற்கரைக்குப் போனான். ரெமெய் அலைக்கு அந்தப் பக்கம் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். கால்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவளிடம் போனான்.

"ரெமெய், ஒண்ணு சொல்லணும். நேத்துக் குடில்ல நான் நல்லாத் தூங்கிட்டேன். உன்கிட்ட சும்மா பாத்தேன்னு சொன்னேன்."

"ம்," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"கோவமில்லையா?"

"எனக்கென்ன கோவம்? திரும்ப மலைக்கு மட்டும் கூப்பிட்டுடாத."

"சத்தியமா மாட்டேன். காசிமிர்கிட்டயும் உண்மைய சொல்லிட்டேன். பாறு இப்ப உன் பேர்ல பதிவாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை விருந்து உனக்குத்தான்." அவன் குரல் பெருமையில் தழுதழுத்தது. "மன்றமே உக்காந்திருக்கும். அது எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு, எப்படி எறங்குச்சு, எந்த எலும்ப எடுத்துச்சு, எல்லாம் நீதான் எழுந்து நின்னு சொல்லணும். கேள்வி கேட்டுத் தொளைச்செடுத்துடுவாங்க, பயப்படாத."

ரெமெயின் மிதப்பு கலைந்தது. ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்து, இருமி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் மட்டும் என்ன, முழிச்சுக்கிட்டா இருந்தேன்?"