மாற்றித் தைத்த புத்தகம்

மஹ்ரூப் ட்ராமை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது, அவன் மனைவி ஸமீமா ஜன்னலோரம் உட்கார்ந்து அவனுடைய நாவலை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சிரித்து இரண்டு வருஷமாயிற்று. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

ஆனால் அது அவன் எழுதிய வரிசையில் இருந்த புத்தகம் இல்லை. அச்சுக்கூடக்கார நிலாம் மாற்றித் தைத்தது.

புதுக்கடைக் கோட்டில் வழக்கு எழுதும் கிளாக்கர் வேலை பார்த்துக்கொண்டு, மாய்ந்து மாய்ந்து அவன் எழுதிய கதை ஏழு வயதில் தொடங்கும். ஒரு பெண்பிள்ளை மௌத்தாகி, அடக்கத்துக்கு மையவாடிக்குப் போவதுதான் முதல் பக்கம். அடுத்த அத்தியாயத்தில் அவளுக்கு ஆறு வயது. அதற்கடுத்து ஐந்து. இப்படியே குறைந்துகொண்டு போய், கடைசிப் பக்கத்தில் பிள்ளை பிறக்கும்.

கொழும்பு வாசகர்கள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

ராஜா தலை முத்திரை ஒட்டிய கடிதங்கள் வந்து குவிந்தன. கோட்டுக்கும் பின்பக்கமாகத்தான் நடந்து போகிறீரா என்று வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டார். பொரளை வாத்தியார் ஒருவர் அத்தியாயங்களைச் சிவப்பு மையால் திருத்தி, நூற்றுக்குப் பன்னிரண்டு போட்டு அனுப்பினார். மற்றவர்கள் தைத்தவன் தலையில் பழியைப் போட்டு, புத்தகத்தைத் திருப்பி அனுப்பி, நல்ல பிரதி கேட்டார்கள்.

நிலாம் நல்ல மனுஷன். கொட்டாஞ்சேனையில் தன் அச்சுக்கூடத்தின் மானம் போகிறதே என்று, மஹ்ரூபிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனை பிரதிகளையும் பிரித்தான். வயதுக்கு ஒரு கட்டாக அச்சிட்டிருந்ததால் மாற்றித் தைக்க நாலு நாள்தான் பிடித்தது.

"பொறக்க முந்தி ஒரு புள்ள மௌத்தாகுமா, மஹ்ரூப்? ஒங்கட மிஷ்டேக்க நான் சரிக்கட்டிட்டன்," என்றான்.

அதன் பிறகு புத்தகம் பறந்தது. அடடா, என்ன ஒரு முடிவு என்று ஊரே மூக்கைச் சிந்தியது. மஹ்ரூப் நினைத்தது வேறு. புத்தகத்தை மூடும்போது அந்தப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும். அதற்காகத்தான் அவன் அவ்வளவு பாடும் பட்டான். அப்படி மூட ஒருத்தர் கிடைக்கவில்லையே.

ஸமீமாவும் அன்று, முதலில் வந்த பிரதியின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே புத்தகத்தை அலுமாரிக்கு மேல் போட்டவள்தான்.

இன்று அவள் கையில் இருந்தது, நிலாம் சமாதானத்துக்குக் கொடுத்தனுப்பிய பிரதி. மஹ்ரூப் பின்னால் போய் எட்டிப் பார்த்தான். ஆறு வயது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று பிள்ளை கட்டிலுக்கடியில் ஒளிகிற இடம்.

இன்னும் இரண்டு பக்கம். அதற்கப்புறம் நெருப்புக்காய்ச்சல், மையவாடி.

பிடுங்கிவிடலாமா என்று நினைத்தான். மனம் வரவில்லை. எத்தனை நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது!

'ஏழு வயது' என்ற தலைப்பு வந்தது. ஸமீமாவின் விரல் அதில் நின்றது. சிரிப்பும் நின்றது.

அவள் மேற்கொண்டு வாசிக்கவில்லை. பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினாள். ஆறு வயதிலிருந்து நாலு வரியை மறுபடி வாய்விட்டு வாசித்தாள். பிறகு ஐந்திலிருந்து. பிறகு நான்கு, மூன்று.

அவன் எழுதிய வரிசை அதுதான். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசியில் அவள் முதல் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"சுபஹு நேரத்து விடியல் வெளிச்சத்தில் ஹபீலா பிறந்தாள்," என்று வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

அந்த வரியில் அவன் 'பிள்ளை' என்றுதான் எழுதியிருந்தான். மகளின் பெயரை எழுத அவனுக்குக் கை வரவில்லை.