மதிய ஷிப்ட் மீட்டர்

"பணத்தைத் தண்ணியா செலவழிக்கிறவனைப் பார்த்திருக்கேன். தண்ணியையே தண்ணியா செலவழிக்கிறவனை இப்பத்தான்யா பார்க்கிறேன்" என்றார் மேனேஜர்.

எதிரே நின்றவர் ஆபரேட்டர். மெஷின்களைச் சுற்றிச் சூடாகி வரும் தண்ணீரை ஆற வைத்துத் திருப்பி அனுப்பும் கூலிங் டவர் அவர் பொறுப்பு. மதிய ஷிப்ட்டில் அவர். காலை ஷிப்ட்டில் அவருடைய மச்சினன்.

"காலை மீட்டரையும் பாரு, உன் மீட்டரையும் பாரு. எங்கய்யா போகுது அவ்வளவு தண்ணி?"

"தண்ணி ஆவியாகப் போகப் போக, மிச்சத்துல உப்பு ஏறிடும் சார். அடிக் குழாயைத் திறந்து கொஞ்சம் வெளிய விட்டுட்டுப் புதுசா நிரப்பணும். இல்லேன்னா பைப்பெல்லாம் உப்புப் படிஞ்சு அடைச்சுக்கும்."

"உன் மச்சினன் ஷிப்ட்ல மட்டும் உப்பு லீவு போட்டுடுதா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்வி. ஆபரேட்டர் காதைச் சொறிந்தார். பதில் தெரியாதவன் வேறு எதைச் சொறிவான் என்று மேனேஜரும் விட்டுவிட்டார்.

மச்சினன் தற்காலிக ஊழியன். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணப் பேச்சு என்று பெண் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் சிக்கனத்தில் முதலில் வருகிற தற்காலிக ஊழியருக்கு நிரந்தர வேலை என்று நிர்வாகம் அறிவித்ததும் அவனுக்குப் பேய் பிடித்துவிட்டது. சொட்டுகிற இடமெல்லாம் வாஷர் மாற்றினான். ஹோஸ் பிடித்துத் தரை கழுவ வந்தவரிடம் துடைப்பத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினான். முகம் கழுவுகிறவர்களைக்கூட ஒரு மாதிரி பார்த்தான்.

ஜெயித்தது அவன்தான். கேன்டீனில் கூட்டம் போட்டு உத்தரவைக் கொடுத்தார்கள். மைக் கையில் வந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

"தண்ணி மேல அக்கறை மனசுல இருந்து வரணும்" என்றான். "சில பேர் குழாயைத் திறந்து விட்டுட்டு டீ குடிக்கப் போயிடறாங்க. மூடணும்கிற நினைப்பே கிடையாது."

மொத்தக் கேன்டீனும் திரும்பி அவன் மாமாவான ஆபரேட்டரைப் பார்த்துச் சிரித்தது. அவரும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார். வலிக்காமல் இல்லை.

கையோடு மேனேஜர் இன்னொரு அறிவிப்பும் செய்தார். நாளையிலிருந்து மாமா குடோனுக்கு. டவர் முழுக்க மச்சினன் பொறுப்பில்.

வீட்டில் மனைவி தட்டை ணங்கென்று வைத்தாள்.

"வெளிய தலைகாட்ட முடியலை. இத்தனை வருஷம் வேலை பார்த்து என்ன புண்ணியம்? என் தம்பியைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதா?"

"விடுக்கா" என்றான் தம்பி பெருந்தன்மையாக. "மாமாவுக்கும் வயசாகுதில்ல. ஞாபக மறதி வரத்தான் செய்யும். குடோன்னா அவருக்கும் நிம்மதி."

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆர்டர்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சா?"

"ஆச்சு மாமா."

"மேனேஜர் மனசு மாறினாக்கூட வாபஸ் வாங்க முடியாதில்ல?"

"எப்படி முடியும்? யூனியன்காரங்க சும்மா விடுவாங்களா?"

"பெண் வீட்டுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றாங்க."

"அப்ப சரி" என்றார் மாமா. "நாளைக்குக் காலையில போனதும் முதல் வேலையா அடிக் குழாயைத் திற. அது மதிய ஷிப்ட் வேலை, நீ தொட வேண்டாம்னு நான் சொன்னது பொய். உன் ஷிப்ட்டு உப்பையும் சேர்த்துத்தான் இத்தனை நாளா நான் வெளிய விட்டுக்கிட்டிருந்தேன்."